நிகழ்ச்சிப் பட்டியலில் உதகை வானொலிக்கு ஒரு வரி இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், 'இரவு 7 மணி முதல் 10 மணி வரை தமிழகமே ஓய்வாகத் தொலைக்காட்சி முன் அமர்ந்துவிடுகிறது' என்று ஒரு கட்டுரையில் படித்தேன். மனம் ஆறவில்லை.

நீலகிரி மலையில் எங்கள் மஞ்சூரில் அந்த நேரத்தில் என் மனைவி, தேயிலை பறித்துத் திரும்பிய ஈரம் காயாமல் அடுப்படியில் நிற்கிறாள். ஜூன் பிறந்துவிட்டால் பொழுது சாயும்போதே மழை பிடித்துக்கொள்ளும். திரையில் 'சிக்னல் இல்லை' என்று வந்து நின்றுவிடும். வீட்டு டிஷ்ஷுக்குச் செயற்கைக்கோளிலிருந்து வரும் கேயு பேண்ட் (Ku band) என்னும் நுண்ணிய அலைகளைக் கனமழை விழுங்கிவிடும் என்பது தாங்கள் அறியாததல்ல. முன்பு கேபிள்காரர் மாடியில் வைத்திருந்த பெரிய டிஷ், அதைவிட நீளமான சி பேண்ட் (C band) அலைகளில் இயங்கியது. மழைக்கு இப்படிப் படுத்துவிடாது. இப்போது கம்பெனிக்குப் போன் செய்தால் பெட்டியை அணைத்துப் போடச் சொல்கிறார்கள். படம் வராத நாளுக்கும் ரீசார்ஜ் பணம் கழிகிறது.

படம் வந்தாலோ விளம்பரம். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் கூடாது, சத்தம் மிகையாக இருக்கக் கூடாது என்று கேபிள் தொலைக்காட்சி விதிகளே சொல்கின்றன. எங்கள் வீட்டில் விளம்பர இசை எழுந்ததும் தொட்டிலில் பேரன் வீறிட்டு அழுகிறான். இதை நான் முன்பே எழுதினேன்; தாங்கள் வெளியிடவில்லை.

2019 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியதே, அந்த நாட்களில் எங்களுக்கு மின்சாரமும் இல்லை, கைபேசியும் இல்லை. ஊட்டிக்குப் போன மகன் எங்கே மாட்டிக்கொண்டானோ என்று, பேட்டரி வானொலியைக் காதோடு அணைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தோம். எந்தச் சாலையில் மண் சரிந்தது, எங்கே மரம் விழுந்தது என்று அறியத் தவித்த அந்த நேரத்தைவிட முக்கியமான ஒளிபரப்பு நேரம் மலையில் வேறு எது?

தங்கள் நீலகிரிப் பதிப்பில் தினமும் சேனல்களின் நிகழ்ச்சிப் பட்டியல் வருகிறது. மதியம் மறுஒளிபரப்பாகும் தொடருக்குக்கூட அதில் இடம் இருக்கிறது. 101.8 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் உதகை வானொலியின் மாலை நிகழ்ச்சிகளுக்கு ஒரு வரி இல்லை. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பசுந்தேயிலை விலையையும் உள்பக்க மூலையில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

வானொலிக்கான அந்த ஒரு வரியை நாளையிலிருந்தாவது சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சிறு தேயிலை விவசாயி,
மஞ்சூர், நீலகிரி.