முன்பாரம் பார்த்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் டிரெய்லர் வீடு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற சின்னப் பெட்டி, உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பிடம் என்று எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். என்னை உறுத்தியது கட்டுரை இல்லை, அதோடு வந்த படம். பெட்டியின் பின்புறம் இரண்டு சைக்கிள் தொங்குகின்றன. அதற்குக் கீழே நீல நிறத் தண்ணீர் டிரம் ஒன்றை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பாரம் இப்படிப் பின்னால் தொங்கினால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவன் நான்.

நான் பாபநாசம் வட்டத்துக்காரன். கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். (ஊரில் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். திருத்தித் திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.) 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதே, அப்போது எங்களை அங்கே முகாமுக்கு அனுப்பினார்கள். செத்த மாடுகளைப் புதைக்க ஏற்பாடு செய்வதும், பிழைத்ததற்கு ஊசி போடுவதுமாகப் பகல் போகும். ராத்திரி ஜீப்பில் உட்கார்ந்தபடியே தூக்கம். படுக்க ஒரு கட்டிலும் மறைவாக ஒரு கழிப்பிடமும் சக்கரத்தில் வந்தால் எப்படி இருக்கும் என்று அப்போது நினைத்தேன்.

ஆனால் வாங்கியது எனக்காக இல்லை. என் மனைவிக்கு இருபது வருடமாகச் சர்க்கரை, போதாததற்கு மூட்டுவலி. கோயிலுக்குக் கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். வழியில் போக இடம் இருக்காது, இருந்தாலும் கால் மடக்கி உட்கார முடியாது. நவக்கிரகக் கோயில் ஒன்பதும் எங்களுக்குச் சுற்று வட்டாரத்திலேயே இருந்தும், கால்வாசிகூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஓய்வுப் பணத்தில் மூன்றே கால் லட்சத்தைப் போட்டு, பத்தடி நீளம் ஆறடி அகலத்தில் ஒற்றை அச்சுப் பெட்டி ஒன்று வாங்கினோம். மேற்கே ஒரு ஊரில் இருக்கிற கம்பெனி. பெயர் வேண்டாம்.

கம்பெனிக்காரர் பெட்டியைக் காட்டும்போது செய்த வித்தையைச் சொல்ல வேண்டும். கொக்கிப் பக்கத்து மூக்கை ஒரே கையால் தூக்கிக் காட்டினார். "பாருங்க சார், அம்மாவே தூக்கிடலாம், அவ்வளவு லேசு!" என் மனைவியும் தூக்கினார், தூக்க முடிந்தது. நாங்கள் பூரித்துப்போனோம். தண்ணீர் டேங்க், பேட்டரி இரண்டுக்கும் பின்சுவரை ஒட்டி இடம் விட்டிருந்தார்கள். திறந்து மூட வசதி என்று காரணம் சொன்னார்கள்.

முதல் பயணம் பூம்புகாருக்கு. போகிற வழியில் திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் என்று திட்டம். ஆடி மாதம், காற்றைச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியை என் ஜீப்பில் மாட்டிக்கொண்டு புதிய நான்குவழிச் சாலையில் ஏறினேன். வேகமுள் அறுபதைத் தாண்டியிருக்கும். ஒரு மேம்பாலத்து இறக்கத்தில் ஆம்னி பஸ் ஒன்று வலப்பக்கம் விசுக்கென்று கடந்தது. முதலில் பெட்டி லேசாக இடதுபக்கம் ஒதுங்கியது. பிறகு வலது. மறுபடி இடது, முன்னைவிடக் கொஞ்சம் அதிகம். நான்காவது ஆட்டத்தில் பெட்டி ஜீப்பின் பின்பக்கத்தையே பிடித்து இழுத்தது. கண்ணாடியில் பார்த்தால் ஒருமுறை பெட்டியின் இடப்பக்கச் சுவர் தெரிகிறது, அடுத்த நொடி வலப்பக்கச் சுவர் தெரிகிறது. என் மனைவி "வைத்தீஸ்வரா" என்று கத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பிரேக்கில் கால் வைக்கப் போனேன், வைக்கவில்லை. அது புத்திசாலித்தனம் இல்லை, பயத்தில் கால் மரத்துவிட்டது. ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுபட்டது, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டே இருந்தேன். வேகம் நாற்பதுக்கு வந்ததும் ஆட்டம் தானாக அடங்கியது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியதும் அதுதானாம், பின்னால் தெரிந்துகொண்டேன். பிரேக்கை ஓங்கி மிதித்திருந்தால் பெட்டி ஜீப்பை முந்திக்கொண்டு வந்து மடக்கியிருக்கும்.

ஓரமாக நிறுத்திவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உறைத்தது. வேலையில் இருந்த காலத்தில் எத்தனை வண்டிமாட்டுக்கு நுகப்புண்ணுக்கு மருந்து போட்டிருப்பேன்! கழுத்து வீங்கி, தோல் உரிந்து வரும். வண்டிக்காரரைக் கேட்டால், "முன்பாரம் ஏறிப்போச்சு டாக்டரய்யா" என்பார். நெல் மூட்டையை அச்சுக்கு முன்னால் அதிகம் அடுக்கினால் நுகத்தடி கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகம் அடுக்கினால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு தொண்டையைப் பிடிக்கும், மாட்டுக்கு மூச்சு முட்டும். அதனால் நல்ல வண்டிக்காரர் மூட்டை ஏற்றி முடித்ததும் நுகத்தடியைக் கையால் ஒரு தூக்குத் தூக்கிப் பார்ப்பார். கொஞ்சம் கனத்தால்தான் மாட்டைப் பூட்டுவார். தஞ்சாவூர் ஜில்லாவில் பார வண்டி ஓட்டிய அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம் இது. எனக்கும் தெரியும். அப்படியிருந்தும், மூக்கை ஒரு கையால் தூக்க முடிந்ததற்குச் சந்தோஷப்பட்டிருக்கிறேன், பாருங்கள்.

மறுவாரம் பக்கத்து ரைஸ்மில்லுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். எடை மேடையிலிருந்து ஜீப்பை இறக்கிவிட்டுப் பெட்டியை மட்டும் நிறுத்தினோம். 820 கிலோ. கம்பெனிப் புத்தகத்தில் இருந்தது 640. மீதி 180 கிலோவும் நாங்கள் ஏற்றியது. 60 லிட்டர் தண்ணீர் என்றால் 60 கிலோ. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற பெரிய டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல். அப்புறம் சின்ன கேஸ் சிலிண்டர், மெத்தை, அரிசி, கிரைண்டர். ஆமாம், கிரைண்டர். மூன்று நாள் பயணத்துக்கு மாவு அரைக்கிற கிரைண்டர் எதற்கு என்று அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

அடுத்து மூக்கு எடை. மூட்டை நிறுக்கிற மின்னணுத் தராசின் மேல் ஒரு தென்னங்கட்டையை நிறுத்தி, ஜீப்பின் கொக்கி உருண்டை இருக்கும் உயரத்துக்கு அறுத்துச் சரிசெய்து, அதன் மேல் பெட்டியின் மூக்கை இறக்கினோம். தராசு காட்டியது 8 கிலோ! மொத்த எடையில் பத்து சதவீதமாவது மூக்கில் நிற்க வேண்டும், பதினைந்தைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. எனக்கு 82 கிலோவாவது இருந்திருக்க வேண்டும். எட்டு கிலோவோடு, அச்சுக்குப் பின்னால் அத்தனை பாரத்தையும் தொங்கவிட்டுக்கொண்டு பூம்புகார் கிளம்பியிருக்கிறேன்.

பேட்டரியை முன்சுவருக்கு மாற்றினேன். தண்ணீர் டேங்கை அச்சுக்குச் சற்று முன்னால், கட்டிலுக்கு அடியில் தாழ வைத்தேன். மூக்கு எடை 92 கிலோ ஆயிற்று. இப்போது அதை என்னால் ஒரு கையால் அசைக்கக்கூட முடியாது, சின்னச் சக்கரம் வைத்த ஜாக்கியால்தான் தூக்குகிறேன். அன்றிலிருந்து அந்த ஆட்டம் வந்ததே இல்லை. ஆனாலும் ஐம்பதைத் தாண்டுவதில்லை. மூக்கில் அதிகப் பாரம் ஏறி ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதும் உண்டு. அப்படியானால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் மிதக்கும்.

இவ்வளவு எளிய விஷயத்தைக் கம்பெனிக்காரர் ஏன் சொல்லவில்லை என்பதுதான் என் ஆதங்கம். பெட்டியை ஒப்படைக்கும் அன்று, தண்ணீர் நிரப்பி, சிலிண்டர் வைத்து, எடை மேடையில் ஏற்றி, மொத்த எடை இவ்வளவு, மூக்கு எடை இவ்வளவு என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? எடை போட என்னிடம் ரைஸ்மில்லில் வாங்கியது நூறு ரூபாய். விற்கிறவர்கள் இதைச் செய்ய வேண்டும். அவர்கள் செய்யாவிட்டால் வாங்குகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் தெருவில் பெட்டியைப் பார்க்க வந்த அத்தனை பேரும் விலையைக் கேட்டார்கள், ஏ.சி. உண்டா என்று கேட்டார்கள். எடை என்ன என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

பதிவு பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒன்றும் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 61ஆம் பிரிவுப்படி டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் வேண்டும். அதோடு இழுக்கிற வண்டியின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். என் பெட்டியின் இடப்பக்கம் ஒரு எண், பின்னால் ஜீப்பின் எண். மயிலாடுதுறைக்கு முன்னால் ஒரு காவலர் நிறுத்தி, "ஒரே வண்டிக்கு எப்படி ரெண்டு நம்பர்?" என்று கேட்டார். பிரிவு எண்ணைச் சொன்னேன், சிரித்துவிட்டு விட்டுவிட்டார். பக்கத்துப் பட்டறையில் மலிவாகக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், காகிதத்துக்கு வழி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் இரும்பு வாங்குவது நல்லது.

ரிவர்ஸ் எடுப்பதில் நான் மாதக்கணக்கில் அவமானப்பட்டேன். குடமுருட்டிக் கரைச் சாலையில் ஒருமுறை மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் வயல், எதிரே வைக்கோல் ஏற்றிய வண்டி. நெல் கொள்முதல் நிலையத்துக்கு டிராக்டர் ஓட்டுகிற தம்பி ஒருவர்தான் இறங்கிவந்து சொல்லிக்கொடுத்தார். "சார், ஸ்டியரிங்கோட அடிப்பக்கத்தைப் பிடிங்க. பெட்டியோட பின்னாடி எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்க. கொஞ்சமா." அவ்வளவுதான் பாடம். டெல்டாவில் இந்தக் கலையில் அந்தத் தம்பிகளை மிஞ்ச ஆளில்லை, ஒரு முழ இடைவெளியில் மூட்டையோடு டிரெய்லரைப் பின்னால் நுழைத்துவிடுவார்கள். அவர்களிடம் எனக்கு ஒரே மனத்தாங்கல் உண்டு: தை, மாசி இரவுகளில் பின்விளக்கும் இல்லாமல், சிவப்பு ஒளிப்பட்டையும் இல்லாமல் சாலையில் போவது. ஒளிப்பட்டை என்ன விலை விற்கிறது? ஒரு மூட்டை நெல்லின் விலையில் டிரெய்லரைச் சுற்றி ஒட்டினாலும் மிச்சம் இருக்கும்.

உள்ளே வைக்கும் சாமான் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தங்கும். அதனால் தரையோரத்தில் கட்டாயம் ஒரு ஓட்டை வேண்டும், ஜன்னலை நம்பக் கூடாது. ஓடும்போது பெட்டிக்குள் ஆள் உட்காரக் கூடாது, குழந்தைகள் கெஞ்சினாலும் கூடாது. சக்கர நட்டுகளைப் புதிதில் ஐம்பது நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். தரங்கம்பாடி, பூம்புகார் பக்கம் போய்வந்தால் அடிச்சட்டத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், உப்புக்காற்று இரும்பை அரித்துவிடும். காபிக்கு மட்டும் எந்த ஏற்பாடும் செய்யவில்லை. கும்பகோணத்தைத் தாண்டும்போது பெட்டிக்குள் காபி போட்டுக் குடிக்கிறவன் உண்டா?

எங்கே நிறுத்துவது என்பது அடுத்த தொல்லை. கேரளாவில் 2021இல் இதற்கென்றே ஒரு கொள்கை அறிவித்து, வாகமண்ணில் இந்த மாதிரி வண்டிகளை நிறுத்தித் தங்க ஒரு பூங்காவும் அமைத்தார்கள். நமக்குப் பூங்கா வரும்போது வரட்டும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் எத்தனை கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன! அகலமான கேட், குழாய், கழிப்பறை, காவலாள் எல்லாம் இருக்கிறது. ஒரு ராத்திரிக்கு முற்றத்தில் நிறுத்த ஒரு தொகை சொன்னால் கொடுத்துவிட்டுப் போகிறோம். திருவெண்காடு போனபோது ஒரு மண்டபக்காரர் அப்படித்தான் இடம் கொடுத்தார், காசே வாங்கவில்லை. என் மனைவி அன்றைக்குப் பயமில்லாமல் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கோயிலுக்குள் போனார்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் படத்தில் இருக்கும் பெட்டிக்குச் சொந்தக்காரர் யார் என்று உங்கள் செய்தியாளருக்குத் தெரிந்திருக்கும். இந்தக் கடிதத்தைப் பிரசுரிக்க இடமில்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தத் தண்ணீர் டிரம்மையும் சைக்கிள்களையும் முன்பக்கம் மாற்றிவிட்டு, ஒருமுறை மூக்கை நிறுத்துப் பார்க்கும்படி அவருக்கு மட்டும் தகவல் சொல்லிவிடுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் அவர் குடும்பத்தோடு ராமேஸ்வரம் கிளம்பப் போவதாகக் கட்டுரையில் எழுதியிருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.