மேரி ஆன் காட்டன்: கட்டுரையில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் மேரி ஆன் காட்டனைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இங்கிலாந்தின் டரம் வட்டாரத்தில் கணவர்களையும் பெற்ற பிள்ளைகளையும் ஆர்செனிக் கொடுத்துக் கொன்றதாக நம்பப்படும் அந்தப் பெண்ணின் முகத்தோற்றத்துக்கும் காதல்களுக்கும் அரைப் பக்கம் ஒதுக்கிய கட்டுரையாளர், அவர் இத்தனை ஆண்டுகள் பிடிபடாமல் இருந்தது எப்படி என்ற கேள்வியைத் 'தந்திரக்காரி' என்ற ஒரே சொல்லில் கடந்துவிட்டார். ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் என்ற முறையில், பிறப்பு இறப்புப் பதிவேட்டோடு பல காலம் மல்லுக்கட்டிய எனக்கு அந்த இடம்தான் உறுத்தியது.

உண்மையில் அவருக்குப் பெரிய தந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் குழந்தைகள் வாந்தி பேதியில் இறப்பது அன்று அன்றாடச் செய்தி. ஆர்செனிக்கின் அறிகுறிகளும் அவையே என்பதால், மருத்துவர்கள் 'குடல் காய்ச்சல்' என்று எழுதிக் கொடுத்தார்கள். மௌப்ரே, வார்டு, ராபின்சன், காட்டன் என்று மணந்தவருக்கு ஏற்பக் குடும்பப்பெயரும் ஊரும் மாறிக்கொண்டே இருந்ததால், ஓர் ஊரின் சாவுகள் அடுத்த ஊருக்குத் தெரியவில்லை. 1865இல் இறந்த முதல் கணவருக்குக் காப்பீட்டுத் தொகையாக 35 பவுண்டு கிடைத்தது. ஆயுள் காப்பீடு எடுக்கும்படி ஓயாமல் நச்சரித்ததில் சந்தேகம் கொண்டு அவரை வீட்டைவிட்டு விரட்டிய ராபின்சன் ஒருவர்தான் கணவர்களில் உயிர் தப்பினார். ஆர்செனிக் வாங்குவோரின் பெயரைப் பதிய வேண்டும் என்று 1851லேயே சட்டம் வந்திருந்தது. ஆனாலும் மூட்டைப்பூச்சிக்கென்று குழைசோப்பில் கலந்த ஆர்செனிக்கை மருந்துக்கடையில் எளிதாக வாங்க முடிந்தது.

அவரை மாட்டிவைத்தவர் துப்பறிவாளர் அல்லர், வெஸ்ட் ஆக்லாந்தில் ஏழை நிவாரணப் பணியைக் கவனித்த தாமஸ் ரைலி என்ற உள்ளூர் அலுவலர். கணவர் காட்டனின் மூத்த தாரத்துப் பிள்ளையான ஏழு வயது சார்லஸை ஏழைகள் விடுதியில் சேர்க்க முடியுமா என்று 1872இல் அவரிடம் கேட்ட மேரி, அது நடக்காது என்றதும், இந்தத் தொல்லை நீடிக்காது, மற்றக் காட்டன்களைப் போல இவனும் போய்விடுவான் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். சில நாள்களில் சிறுவன் இறந்தான். ரைலி உடனே காவலரிடம் போனதோடு, மருத்துவர் கில்பர்னிடமும் மரணச் சான்றிதழை நிறுத்திவைக்கச் சொன்னார். மேரியோ முதலில் சென்றது காப்பீட்டு அலுவலகத்துக்கு. சான்றிதழ் இல்லாமல் பணம் தர முடியாது என்று அங்கே கைவிரித்துவிட்டார்கள்.

அப்போதும் தப்பியிருப்பார். அவசரமாக நடந்த பிரேதப் பரிசோதனைக்குப் பின் கூடிய விசாரணை, இயற்கைச் சாவு என்றே முடித்துவிட்டது. ஆனால் கில்பர்ன் வயிற்றுப் பகுதியிலிருந்து எடுத்த மாதிரிகளைப் பத்திரப்படுத்தியிருந்தார். அமிலத்தோடு அதைக் காய்ச்சிச் செப்புத் தகட்டை உள்ளே விடும் ரைன்ஷ் சோதனையில், ஆர்செனிக் இருப்பதைக் காட்டும் கரும்படிவு தகட்டின் மீது படிந்தது. பிறகு தோண்டி எடுக்கப்பட்ட வேறு சில உடல்களிலும் ஆர்செனிக் இருந்தது.

சுவரில் ஒட்டிய பச்சைக் காகிதத்தின் சாயத்திலிருந்து நஞ்சு பரவியிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வாதிட்டதைக் கட்டுரையாளர் நகைச்சுவையாக எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துப் பச்சைச் சாயங்களில் ஆர்செனிக் உண்மையிலேயே கலந்திருந்தது. வாதம் எடுபடவில்லை, அவ்வளவுதான். 1873 மார்ச் 24 அன்று டரம் சிறையில் மேரி தூக்கிலிடப்பட்டார்.

'21 பேரைக் கொன்றவள்' என்ற தலைப்பும் திருத்தப்பட வேண்டியது. அது பிற்காலத்தவரின் ஐயக் கணக்கு. நீதிமன்றம் தண்டனை அளித்தது சார்லஸின் கொலைக்கு மட்டுமே. சிகிச்சை அளித்த மருத்துவர் மரணச் சான்றிதழ் தருவதைக் கட்டாயமாக்கிய சட்டம் அடுத்த ஆண்டே, 1874இல், இங்கிலாந்தில் நிறைவேறியதையும் குறிப்பிட்டிருக்கலாம். கட்டுரையின் தொடர்ச்சி வருமானால், ரைலிக்கும் கில்பர்னுக்கும் சில பத்திகளாவது ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.