சின்ன ஊர் வின்ரரைப் பற்றியும் ஒருக்கா எழுதுங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

நவம்பர் பிறந்தா உங்கட பத்திரிகையில வாற கட்டுரையள் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்குது, விற்றமின் டி குளிசை, மன அழுத்தம், வழுக்கி விழுந்தா இன்சூரன்ஸ், கடைசிப் பக்கத்தில கியூபாவுக்கு மலிவு ரிக்கெற். ஸ்காபரோவில இருக்கிறவைக்கு அது சரியா இருக்கலாம். நான் இருக்கிறது கனடாவின்ர மேற்குப் பக்கம், சஸ்கச்சுவான் மாகாணத்தில பிக்கர் எண்ட ஊர், சஸ்கற்றூன்ல இருந்து மேற்குப் பக்கமா ஒரு மணித்தியால ஓட்டம், ரெண்டாயிரம் சனம் வரும், ரெயிலும் கோதுமையும் கனோலா எண்ட எண்ணெய் வித்தும்தான் பிழைப்பு. இஞ்ச வின்ரர்லதான் சனம் சனத்தைப் பாக்கிறது, அதை ஒருத்தரும் எழுதினமாதிரித் தெரியேல்லை, அதுதான் இந்தக் கடிதம்.

கோடையில இஞ்ச ஒருத்தரையும் பிடிக்கேலாது. மே மாதம் விதைப்பு, பிறகு மருந்தடி, செப்டம்பர் ஒக்ரோபர்ல ராவு பகலா அறுவடை. அது முடிஞ்சு ஸ்நோ விழுந்தாப் பிறகுதான் விவசாயிக்குப் பின்னேரம் எண்டு ஒண்டு வாறது. டிசம்பர்ல அஞ்சு மணிக்கே இருட்டு, வெளியில மைனஸ் 30, அப்ப சனம் எங்க போகும், கேர்லிங் ரிங்குக்குத்தான்.

கேர்லிங் தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், ரீமுக்கு நாலு பேர், ஆளுக்கு ரெண்டு கல்லு, ஒரு கல்லு 40 இறாத்தல் அளவில வரும், அதை 150 அடி நீள ஐஸில தள்ளி அந்தப் பக்கம் கீறியிருக்கிற வட்டத்துக்குள்ள நிப்பாட்ட வேணும். ரெண்டு பேர் கல்லுக்கு முன்னால பிரஷ்ஷால தேய்ச்சுக்கொண்டு ஓடுவினம், தேய்க்கத் தேய்க்க ஐஸ் கொஞ்சம் சூடாகி கல்லு கூடத் தூரம் போகும், வளையிறதும் குறையும். விளையாட்டுக்கு முன்னம் ஐஸுக்கு மேல தண்ணியைத் துளித்துளியாத் தெளிச்சு சின்னச் சின்ன பொக்களம் மாதிரி உறைய விடுவினம், அது இல்லாட்டி கல்லு பாதியிலயே நிண்டுடும். ரிவியில பாக்கேக்க இதென்ன கூட்டிற வேலை எண்டு சிரிக்கிறவை ஒருக்கா வந்து தேய்ச்சுப் பாக்க வேணும், மூச்சு வாங்கும். எனக்குப் பிடிச்சது என்னெண்டா ஊர் லீக்ல நடுவர் எண்டு ஒருத்தரும் இல்லை, பிரஷ் கல்லில பட்டா பட்டவரே சொல்லுவார், முடிய எல்லாரும் கைகுடுத்து, வென்ற ரீம்தான் தோத்த ரீமுக்கு முதல் கிளாஸ் வாங்கிக் குடுக்க வேணும்.

2001இல இருந்து சஸ்கச்சுவானின்ர அதிகாரபூர்வ விளையாட்டே இதுதான். சான்ட்ரா ஷ்மர்லர் எண்டு கேள்விப்பட்டிருப்பியள், 1963இல இந்த பிக்கர்ல பிறந்தவ, 1993, 94, 97 மூண்டு தரம் உலக சம்பியன். 1998 நகானோ ஒலிம்பிக்லதான் பெண்கள் கேர்லிங்குக்கு முதல்முதலா பதக்கம் வச்சது, அந்த முதல் தங்கத்தைக் கொண்டு வந்தது அவவின்ர ரீம்தான், அதுவும் மூத்த பிள்ளை பிறந்து கொஞ்ச நாளில தெரிவுப் போட்டி விளையாடி வென்று போனவ. 2000ஆம் ஆண்டு 36 வயசில கான்சர்ல போயிட்டா. இஞ்ச வயசான ஆக்கள் அவவைப் பற்றிக் கதைக்கேக்க ஒலிம்பிக்கை விட ஊர்ப் பிள்ளை எண்ட கதைதான் கூட வரும்.

ஆனா உண்மையைச் சொன்னா பாதிச் சனம் விளையாட வாறேல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சூடான அறை, அதில இருந்து கோப்பி குடிச்சுக்கொண்டு ஆரின்ர மாடு கண்டு போட்டது, கனோலா விலை என்ன, ஆஸ்பத்திரிக்குப் புது டொக்டர் வருவாரோ எண்டு கதை. எங்கட நாட்டில ஊர் வாசிகசாலைத் திண்ணை மாதிரித்தான், பேப்பர் வாசிக்கிறது சாட்டு. குசினியில முறை வச்சு வந்து சமைக்கிறது ஊர்ப் பெண்டுகளும் ஆம்பிளையளும், சம்பளம் இல்லை. உக்ரேன் பரம்பரை ஆக்கள் இந்தப் பக்கம் கனக்க, அதால கொழுக்கட்டை மாதிரி அவிக்கிற பெரோகியும், பீற்றூட்டில வைக்கிற போர்ஷ் சூப்பும் கிடைக்கும். மரக்கறிக்காரர் பயப்பிடத் தேவையில்லை, பெரோகிக்குள்ள உருளைக்கிழங்கும் சீஸும்தான், ஆனா மேல தூவுற பேக்கனை, அது பன்றி இறைச்சி, வேண்டாம் எண்டு முதலே சொல்லிப்போடுங்கோ. 50-50 எண்டு குலுக்கல் ரிக்கெற் வித்து வாற காசில பாதி வெல்லுறவருக்கு, மற்றப் பாதி ஐஸ் மெசின் கரண்ட் பில்லுக்கு, அந்த பில் கொஞ்சநஞ்சமில்லை.

பக்கத்து ஹொக்கி அரீனாவில பிள்ளையள், வாரக்கடைசியில ஏரியில ஐஸைத் துளைச்சு மீன்பிடி. ஏரிக்குப் போறவை ஒண்டைக் கவனியுங்கோ, நடக்கவே ஐஸ் 10 சென்ரிமீற்றர் தடிப்பு வேணும், கார் ஏத்திறதெண்டா 30, அளந்து பாக்காம ஆரோ போன ரயர் அடையாளத்தை நம்பி இறங்கக் கூடாது.

இதை ஏன் எழுதுறன் எண்டா, இப்ப எங்கட ஆக்களும் வேலை தேடி, பிஆர் எண்ட நிரந்தர வதிவிடம் தேடி இப்பிடியான ஊருகளுக்கு வரினம், நேர்சிங் ஹோம், பெற்றோல் ஸ்ரேசன், ஹோட்டல் வேலை. வந்து வீட்டுக்குள்ள இருந்து ரொறன்ரோ சொந்தக்காரரோட வட்ஸ்அப்ல கதைச்சுக் கதைச்சு, ரெண்டு வின்ரர்ல "இஞ்ச ஒண்டும் இல்லை" எண்டு ரொறன்ரோப் பக்கம், பிரம்டனுக்கு ஓடீனம். ஒண்டும் இல்லையெண்டு சொல்லுறவையில கன பேர் அந்த ரிங்க் கதவைத் திறந்தே பாக்கேல்லை. பிலிப்பைன்ஸ் ஆக்கள் கெட்டிக்காரர், வந்த முதல் வருசமே ரீம் சேர்த்துப்போடுவினம். சுத்தமான சப்பாத்து இருந்தாப் போதும், பிரஷ் அங்கயே தருவினம், முழங்கால் ஏலாதவை குனியாம ஒரு தடியால தள்ளலாம், எழுபது கடந்த ஆக்கள் அப்பிடித்தான் விளையாடினம்.

அதால அடுத்த வின்ரர் சிறப்பிதழுக்கு ஒரு நிருபரை இந்தப் பக்கம் அனுப்புங்கோ, மார்ச்சுக்குள்ள வர வேணும், பிறகு ஐஸை எடுத்துப்போடுவினம். தங்க என்ர வீட்டில அறை இருக்கு. சஸ்கற்றூன் எயார்போட்ல கார் வாடகைக்கு எடுக்கேக்க மட்டும் முன்னால புளொக் ஹீற்றர் (ராவில எஞ்சினைச் சூடா வச்சிருக்கிற சாமான்) வயர் தொங்குதோ எண்டு பாத்து எடுக்கச் சொல்லுங்கோ, இல்லாட்டி விடிய கார் ஸ்ராட் வராது.

இப்படிக்கு,
பிக்கர் வாசகர் ஒருவர்,
சஸ்கச்சுவான்