பையை விட்டுட்டு எந்திரிக்கப் பழகணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன மாசம் எங்க அப்பாவோட ஃப்ளைட்ல வந்தேன். அவருக்கு 76 வயசு, முட்டி ஆபரேஷன் ஆனவர், கால் நீட்டிக்க வசதியா இருக்கும்னு நடக்குற வழிய ஒட்டுன ஐல் சீட்டா கேட்டு வாங்கிக் குடுத்தேன். ஃப்ளைட் இறங்கி ரன்வேய விட்டு திரும்பிட்டு இருக்கு, இன்னும் நிக்கவே இல்ல, ரெண்டு வரிசை பின்னாடி இருந்தவர் டக்குனு பெல்ட்ட கழட்டிட்டு வந்து எங்க தலைக்கு மேல இருக்குற லாக்கர திறந்துட்டார், ஏர் ஹோஸ்டஸ் அவங்க சீட்லேர்ந்தே உட்காருங்க உட்காருங்கன்னு கத்துறாங்க, அந்த நேரம் பார்த்து பைலட் பிரேக் போட்டார், உள்ள இருந்த ட்ராலி பேக் சறுக்கி நேரா அப்பா தோள்ல விழுந்துச்சு. அவர் சாரி சொன்னார், சொல்லலன்னு சொல்ல மாட்டேன். ஆனா சொல்லிட்டு பைய எடுத்துக்கிட்டு அங்கயே நின்னார். கதவு திறக்க அதுக்கப்புறம் கால் மணி நேரம் ஆச்சு, அந்த கால் மணி நேரமும் பைய கைல புடிச்சுக்கிட்டு அதே இடத்துல நின்னார், நான் ஒரு பக்கம் அப்பா தோள தேய்ச்சு விட்டுட்டு இருந்தேன்.

அந்த ஒருத்தர திட்டுறதுக்காக இந்த லெட்டர் எழுதல. சுத்திப் பார்த்தா அன்னைக்கு பாதிப் பேர் அப்படித்தான் நின்னுட்டு இருந்தாங்க, உண்மைய சொன்னா நானும் பல வருஷம் அப்படி எந்திரிச்சு நின்னவதான். டயர் தரைய தொட்டதும் கை தானா பெல்ட்டுக்கு போகும், அடுத்து லாக்கருக்கு போகும், மூளை யோசிக்கவே யோசிக்காது. இத ஏதோ அவசர புத்தி, மேனர்ஸ் இல்லாத பழக்கம்னு மட்டும் நினைச்சு விட்டுடறோம், ஆனா என் பயம் வேற. ஒவ்வொரு பயணத்துலயும் ஃப்ளைட் நின்னா பைய எடுன்னு கைக்கு பழக்கிக்கிட்டே வர்றோம், நிஜமாவே புகை வந்து ஓடுங்கன்னு சொல்ற அன்னைக்கு அந்த கை எங்க போகும்?

ஒரு புது மாடல் பயணிகள் விமானத்துக்கு அனுமதி குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை உண்டு. எல்லா சீட்லயும் ஆள உட்கார வச்சு, இருக்குற கதவுல பாதிய மட்டும் திறக்க விட்டு, எமர்ஜென்சி லைட் வெளிச்சத்துல 90 செகண்டுக்குள்ள அத்தனை பேரும் வெளிய வந்துடணும். தீ உள்ள பரவிடுச்சுன்னா அதுக்கு மேல நேரம் இருக்காதுங்கற கணக்கு அது. அந்த 90 செகண்டுல யாரும் லாக்கர திறந்து பை இறக்கறது சேராது. ஒருத்தர் பை எடுக்க அஞ்சு செகண்ட்னு வச்சாலும், அந்த குறுகலான வழில அவர் பின்னாடி நிக்கிற எல்லாருக்கும் அந்த அஞ்சு செகண்ட் போகுது, அடுத்த வரிசைல இன்னொருத்தர் எடுத்தா இன்னொரு அஞ்சு. அதுவும் போக, கதவுலேர்ந்து கீழ சறுக்கி இறங்கறதுக்கு காத்து நிரப்புன ஸ்லைடு இருக்கே, அது பை சக்கரமோ கூரான முனையோ பட்டு கிழிஞ்சா அந்த கதவே உபயோகமில்லாம போயிடும், அப்படியே இறங்குனாலும் கைல பையோட வர்றவர் முன்னாடி இறங்குனவர் முதுகுலதான் வந்து விழுவார்.

2024 ஜனவரி 2ந்தேதி டோக்கியோ ஹனேடா ஏர்போர்ட்ல நடந்தது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். இறங்கிட்டு இருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 விமானம் ரன்வேல இருந்த கடலோர காவல்படை விமானத்துல மோதி தீப்பிடிச்சுது. காவல்படை விமானத்துல இருந்த 6 பேர்ல 5 பேர் இறந்துட்டாங்க. பெரிய விமானத்துல 379 பேர், 8 கதவுல 3 கதவுதான் திறக்க முடிஞ்சுது, உள்ள அனவுன்ஸ்மென்ட் சிஸ்டமும் வேலை செய்யல, க்ரூ, அதாவது விமான ஊழியர்கள், மெகாஃபோன்லயும் வாயாலயும் கத்தித்தான் வழி சொன்னாங்க. அத்தனைக்கும் 379 பேரும் உயிரோட வெளிய வந்தாங்க, அதுல பச்சக் குழந்தைங்களும் இருந்தாங்க. கேமரா, லேப்டாப், ஊருக்கு வாங்கிட்டு வந்த சாமான் எல்லாம் எரிஞ்சு போச்சு, ஆனா ஆளுங்க வந்துட்டாங்க. அந்த செய்திய நான் எத்தனை தடவை படிச்சேன்னு தெரியாது, படிக்கறப்ப எல்லாம் தொண்ட அடைக்கும்.

அதுக்கு நேர்மாறா 2016 ஆகஸ்ட் 3ந்தேதி துபாய்ல. 300 பேர் இருந்த விமானம் ரன்வேல மோதி சறுக்கி தீப்பிடிச்சுது, உள்ள யாரோ எடுத்த வீடியோவ பார்த்தவங்களுக்கு தெரியும், புகைக்கு நடுவுல லாக்கர திறந்து பை இறக்கிட்டு இருக்காங்க, க்ரூ பைய விடுங்க குதிங்கன்னு கத்திட்டே இருக்காங்க. 300 பேரும் தப்பிச்சுட்டாங்க. கொஞ்ச நிமிஷத்துல எரிபொருள் டேங்க் வெடிச்சு, தீய அணைக்க வந்த வீரர் ஒருத்தர் இறந்துட்டார். அங்க பை எடுத்தவங்கள நான் கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். பயத்துல மனுஷன் புதுசா எதுவும் செய்யறதில்ல, பழகுனதத்தான் செய்வான், அவங்க கை பழகுனது அது.

இப்ப மத்த தொல்லைகளுக்கு வர்றேன், ஏன்னா பாதிக்கு மேல அந்த பைல போய்த்தான் முடியுது. ஏறும்போது ஏன் அவ்வளவு நேரம் ஆகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா, சீட் தேடுறதால இல்ல, பை வைக்கறதால. ஒருத்தர் நின்னு பைய தூக்கி, நுழையாம திருப்பி, பக்கத்துல இருக்குறத தள்ளி, மறுபடியும் இறக்கி, அதுவரைக்கும் மொத்த லைனும் நிக்கும். ஜேசன் ஸ்டெஃபன்னு ஒரு அமெரிக்க இயற்பியல்காரர் 2008ல இத கணக்கு போட்டே காட்டுனார், பின் வரிசைலேர்ந்து கும்பல் கும்பலா ஏத்துறது வேகமான வழியே இல்ல, ஏன்னா எல்லாரும் ஒரே இடத்துல நின்னு பை வைக்கறாங்க, கண்டபடி ஏறுனாக்கூட அதவிட சீக்கிரம் முடியும்னார். இதுல விமான கம்பெனிங்க மேலயும் தப்பு இருக்கு. கீழ லக்கேஜ் போட்டா காசுன்னு ஆக்குனதும் எல்லாரும் எல்லாத்தயும் மேல தூக்கிட்டு வர்றாங்க, காசு மிச்சம் பண்ண நினைக்கிற குடும்பத்த நான் எப்படி குறை சொல்றது. ஆனா நம்ம பைய நம்ம தலைக்கு மேல வைக்கலாம், சின்ன பைய கால்கிட்ட சீட்டுக்கு அடில வைக்கலாம், கோட்டயும் கைப்பையயும் தனித்தனியா விரிச்சு வச்சு அடுத்தவங்க இடத்த அடைக்காம இருக்கலாம், இதுக்கு காசு ஆகாது.

பவர் பேங்க் விஷயம் தனியா சொல்லணும். இத செக்-இன் லக்கேஜ்ல போடக்கூடாதுன்னு நிறைய பேருக்கு தெரியும், ஆனா கேபின் பைல போட்டு மேல லாக்கர்ல பூட்டி வைக்கறதும் ஆபத்துதான், லித்தியம் பேட்டரி சூடாகி புகைய ஆரம்பிச்சா கண்ணுக்கு தெரியாது. 2025 ஜனவரி 28ந்தேதி தென்கொரியாவுல புசான்கிட்ட கிம்ஹே ஏர்போர்ட்ல கிளம்ப ரெடியா இருந்த விமானத்துல மேல லாக்கர்லேர்ந்து தீ வந்து மேல்கூரையே எரிஞ்சு போச்சு, உள்ள இருந்த 176 பேரும் இறங்கிட்டாங்க, பவர் பேங்க் காரணமா இருக்கலாம்னு விசாரணைல சொன்னாங்க. அதுக்கப்புறம் அந்த நாட்டுல லாக்கர்ல பவர் பேங்க் வைக்கவே தடை போட்டாங்க. கைக்கெட்டுற இடத்துல வச்சுக்குங்க, சூடானா உடனே க்ரூவ கூப்பிடுங்க.

சீட்ட சாய்க்கிற சண்டை பத்தி எல்லாரும் பேசுறாங்க. 2014 ஆகஸ்ட்ல அமெரிக்கால ஒருத்தர் முன் சீட் சாயாம இருக்க டேபிள்ல ஒரு சின்ன கருவிய மாட்டி, முன்னாடி உட்கார்ந்திருந்த அம்மாவோட சண்டையாகி, விமானத்தயே வழில சிகாகோவுல இறக்க வேண்டியதாச்சு. என்னக் கேட்டா சாய்க்கிறவங்களுக்கு உரிமை இருக்கு, முட்டி இடிக்கிறவங்களுக்கு வலியும் இருக்கு, ரெண்டு பேர் பக்கமும் நியாயம்தான். எகானமி சீட்ல வரிசைக்கு வரிசை 28லேர்ந்து 31 இஞ்ச் வரைக்கும்தான் பல விமானத்துல குடுக்கறாங்க, நெருக்கி வச்சவங்க வேற யாரோ, அடிச்சுக்கறது நாம. திரும்பி பின்னாடி பார்த்துட்டு மெதுவா சாய்ங்க, எல்லாரும் சாப்பிடுற நேரம் நிமிர்த்தி வைங்க, அவ்வளவுதான் நான் கேக்கறது. இறங்கறப்பவும் ஏறறப்பவும் சீட்ட நிமிர்த்து டேபிள மடின்னு சொல்றது மட்டும் யாரோட வசதிக்கும் இல்ல, பின்னாடி இருக்கறவங்க அவசரத்துல வெளிய வர வழி வேணும், அதுக்குத்தான். ஜன்னல் ஷட்டர திறக்க சொல்றதும் அதே மாதிரி, எந்தப் பக்கம் தீ எந்தப் பக்கம் இறங்கலாம்னு வெளிய பார்த்தாத்தான் தெரியும். இத ஒரே ஒரு தடவை காரணத்தோட சொல்லியிருந்தா எத்தனையோ பேர் முணுமுணுக்காம செய்வாங்க.

மிடில் சீட்ல மாட்டுனவங்களுக்கு ரெண்டு பக்க கைப்பிடியையும் விட்டுக் குடுங்க, அவங்களுக்கு ஜன்னலும் இல்ல கால் நீட்ட வழியும் இல்ல. எந்திரிக்கும்போது முன் சீட்ட புடிச்சு இழுக்காதீங்க, தூங்குறவங்க தூக்கிவாரிப் போட்டு முழிப்பாங்க. ஃபோன்ல சத்தமா வீடியோ ஓட விடுறவங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, நாலு வரிசை தள்ளி இருக்கறவங்களும் இறங்கற வரைக்கும் அத கேட்டே ஆகணும், எந்திரிச்சு போக வேற இடம் கிடையாது.

ஆனா குழந்தை அழுறதுக்கு முகம் சுளிக்கிறத மட்டும் என்னால ஏத்துக்க முடியாது. விமானத்துக்குள்ள காத்தழுத்தம் தரைல இருக்குற மாதிரி இருக்காது, 6000லேர்ந்து 8000 அடி மலை மேல இருக்குற அளவுக்குத்தான் வைப்பாங்க, இறங்கும்போது அது திரும்ப ஏறும், பெரியவங்க நாம எச்சில் முழுங்கி கொட்டாவி விட்டு காத அடைப்பெடுத்துக்கறோம், கைக்குழந்தைக்கு அது தெரியாது, காதுக்குள்ள வலிக்குது, அழுவுது. பால் குடுத்தாலோ சூப்ப ஏதாவது குடுத்தாலோ கொஞ்சம் சரியாகும். அந்த தாய் ஏற்கனவே மொத்த கேபினும் நம்மளத்தான் பார்க்குதேன்னு கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பா, அவளப் பார்த்து பெருமூச்சு விடறதுக்கு பதிலா கீழ விழுந்த பால் பாட்டில எடுத்துக் குடுக்கலாம். எனக்கு அப்படி ஒரு தடவை ஒரு பெரியவர் எடுத்துக் குடுத்தார், பதினெட்டு வருஷம் ஆச்சு, இன்னும் அவர் முகம் ஞாபகம் இருக்கு.

பெல்ட் போட சொன்னா போடறதும் இதுலதான் வரும். 2024 மே 21ந்தேதி லண்டன்லேர்ந்து சிங்கப்பூர் போன விமானம் மியான்மர் வானத்துல டர்புலன்ஸ்ல, அதாவது காத்து போட்ட குலுக்கல்ல, மாட்டுனப்ப 4.6 செகண்டுல 178 அடி கீழ இறங்குச்சு, பெல்ட் போடாதவங்கள எல்லாம் மேல தூக்கி எறிஞ்சுது, ஒருத்தர் இறந்துட்டார், பல பேருக்கு பலமான அடி. பெல்ட் லைட் அணைஞ்சாலும் உட்கார்ந்திருக்கற வரைக்கும் தளர்வா போட்டுக்கிட்டே இருக்கலாமே. அத வந்து வந்து சொல்ற ஏர் ஹோஸ்டஸ்கிட்ட எரிஞ்சு விழுறவங்கள நிறைய பார்த்துட்டேன். அவங்களோட முதல் வேலை நமக்கு தண்ணி எடுத்துட்டு வர்றது இல்லைங்க, 50 சீட்டுக்கு ஒருத்தர்னு கணக்கு வச்சு அவங்கள ஏத்தறதே அவசரத்துல நம்மள வெளிய அனுப்பத்தான்.

இப்ப நான் என்ன பண்றேன்னா, ஏறும்போதே பாஸ்போர்ட், மாத்திரை, கண்ணாடி, ஃபோன் இத மட்டும் ஒரு சின்ன பைல போட்டு உடம்போட குறுக்க மாட்டிக்கறேன், கிளம்பறப்பவும் இறங்கறப்பவும் செருப்ப கழட்டறதில்ல, பக்கத்து கதவு எத்தனையாவது வரிசைல இருக்குன்னு எண்ணி வச்சுக்கறேன், இருட்டுல தடவிப் போனாலும் தெரியும். மேல இருக்குற பைல எரிஞ்சா அழற மாதிரி எதையும் வைக்கறதில்ல. ஃப்ளைட் நின்னதும் ரெண்டு கையையும் மடில வச்சுட்டு எங்களுக்கு முன் வரிசை நகர்ற வரைக்கும் உட்கார்ந்திருக்கேன், முதல் ரெண்டு மூணு தடவை கஷ்டமா இருந்துச்சு, பக்கத்துல இருக்கறவங்க நகருங்கன்னு பார்க்கற பார்வையும் கஷ்டமா இருந்துச்சு, எப்படியும் லக்கேஜ் பெல்ட்டுகிட்ட போய் இதே ஆளுங்களோடதான் நிக்கப் போறேன்னு இப்ப பழகிடுச்சு.

விமான கம்பெனிங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கிளம்பறதுக்கு முன்னாடி பெல்ட் எப்படி மாட்டறதுன்னு காட்டுறீங்க, அதோட பைய விட்டுட்டு வரணும்னு ஒரு வரி சொல்றீங்க, அந்த வரி யார் காதுலயும் விழல. ஏன் விடணும்னு அந்த 90 செகண்ட் கணக்கயும் சேர்த்து மெதுவா சொல்லுங்க, ஒவ்வொருத்தர் தாய்மொழிலயும் சொல்லுங்க. ஆசிரியர் அவர்களும் லீவு சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இத ஒரு சின்ன பெட்டிச் செய்தியாவாவது போட்டீங்கன்னா நல்லா இருக்கும்.

அப்பா தோள்ல வீக்கம் பத்து நாள் இருந்துச்சு, இப்ப வடிஞ்சுடுச்சு, கைய முழுசா தூக்க மட்டும் இன்னும் சிரமப்படறார். அடுத்த மாசம் செக்கப்புக்கு திரும்பவும் அவரோட போகணும். இந்த தடவை ஐல் சீட் எனக்கு, அவருக்கு விண்டோ சீட் போட்டிருக்கேன், கால் நீட்ட முடியாதேன்னார், பரவாயில்லப்பா என் பக்கம் நீட்டிக்குங்கன்னு சொல்லியிருக்கேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி