வராதவனைத் தேடுகிற வகுப்பு

மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே மண்டபம் ஊரில் கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது, கொடியில் போட்ட துணியை மணலோடுதான் எடுக்கிறோம். அம்மா நலம், உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகள் ஒட்டவே மாட்டேன் என்கிறார்கள், கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசியே அலுத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். முதல் வருடம் எனக்கும் அப்படித்தான், கேமராவைப் போடுங்கள் என்று தினமும் சத்தம் போடுவேன். ஒரு நாள் ஒரு பெண் தனியாக எழுதினாள்: 'சார், ஒரே அறை வீடு, ராத்திரியெல்லாம் கடலில் கிடந்த அப்பா பின்னால் தூங்குகிறார்.' அன்றோடு விட்டேன்.

இப்போது முதல் வாரம் பாடமே கிடையாது. நீ இருக்கிற இடத்தில் என்ன சத்தம் கேட்கிறது என்று ஆளுக்கு ஒரு நிமிடக் குரல் பதிவு கேட்கிறேன். ஒருத்தி பாசி காயப்போடும் கரையிலிருந்து அலைச் சத்தத்தோடு அனுப்பினாள், ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து தையல் மிஷின் சத்தத்தோடு. மறுவாரமே ஒருவரை ஒருவர் பேர் சொல்லி விசாரித்தார்கள் மாப்ள, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் ஐந்து ஐந்து பேராகக் குழு. அதை செமஸ்டர் முடியும்வரை மாற்றுவதில்லை, வகுப்புக்கு வகுப்பு ஆளைக் கலைத்துப் போட்டால் யாருக்கும் யாரும் சொந்தமில்லை. முன்பு வெறும் வாட்ஸ்அப் குழு மட்டும் வைத்துப் பார்த்தேன், காலை வணக்கப் படங்களோடு போயிற்று. ஆன்லைன் கல்வியை ஆராய்ந்த காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் 2000-இலேயே எழுதியதுதான்: ஒருவரோடொருவர் பழகுவது மட்டும் போதாது, ஆசிரியர் நடத்துவதும் சேர்ந்து யோசிப்பதும் வேண்டும். அதனால் குழுவுக்கு வாரம் ஒரு கேள்வி கொடுக்கிறேன், பதிலை ஐந்து பேரும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும்.

முக்கியமானது இன்னொன்று. ஒருவன் வரவில்லை என்றால் அன்று மாலைக்குள் குழுவில் யாராவது போன் செய்ய வேண்டும், திட்டுவதற்கு இல்லை, என்னாச்சு என்று கேட்பதற்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு வகுப்பு விடாமல் வந்த பையன், தடை முடிந்ததும் படகு போகும் நாளெல்லாம் காணோம். நான் அவனை விட்டுப்போனவன் கணக்கில்தான் வைத்திருந்தேன். மற்ற நால்வரும் பாடத்தைத் தங்கள் குரலில் பேசி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், எனக்கே தெரியாமல். தேர்வுக்கு வந்துவிட்டான்.

நீயும் குரல் பதிவிலிருந்து தொடங்கு, முதலில் உன் பதிவை அனுப்பு, அப்போதுதான் அவர்களுக்குக் கூச்சம் போகும். ஆடியில் லீவு கிடைத்தால் ரயிலிலேயே வா. பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது, நீ இன்னும் பார்க்கவில்லை.

உன் மாப்ள