கேட்காமல் ஊற்றிய பாட்டில்: சர்வீஸ் சென்டர்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கார் சர்வீஸ் சென்டர் மேலாளர்களுக்கும், ஜாப் கார்டு எழுதும் அட்வைசர்களுக்கும் வணக்கம்.

போன சர்வீஸ் முடிந்து பில்லை வாங்கிப் பார்த்தால், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் நடுவில் ‘இன்ஜெக்டர் கிளீனர் - 1’ என்று ஒரு வரி. நானும் கேட்கவில்லை, என்னிடமும் யாரும் கேட்கவில்லை. “எல்லா வண்டிக்கும் போடுறதுதான் சார், பிக்கப் நல்லா இருக்கும்” என்றார் கவுன்ட்டரில் இருந்த தம்பி. எந்த சென்டர் என்று சொல்லப்போவதில்லை. நண்பர்களிடம் விசாரித்தால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.

பெட்ரோல் டேங்கில் ஊற்றும் அந்த பாட்டிலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. எஞ்சினை அணைத்ததும், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் முனையில் ஒட்டியிருக்கும் மிச்சம், அந்தச் சூட்டில் காய்ந்து பிசினாகப் படிகிறது. காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமே போய்வரும் என் வண்டி மாதிரியானவற்றில் இது அதிகம். படிவு ஏறினால் பெட்ரோல் பனித்தூவலாக வராமல் கோணல்மாணலாக விழும். ஐடிலிங்கில், அதாவது நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது, வண்டி உதறும். இதைக் கரைக்க, நல்ல கிளீனர்களில் இருக்கும் பாலிஈதர்அமீன் என்ற பொருள் நன்றாகவே உதவுகிறது. அமெரிக்காவில் 1995 முதல் பெட்ரோலில் படிவைத் தடுக்கும் டிடர்ஜென்ட் கட்டாயம். அந்த அளவு போதாது என்று 2004-இல் பிஎம்டபிள்யூ, ஜிஎம், ஹோண்டா, டொயோட்டா சேர்ந்து ‘டாப் டியர்’ என்று இன்னும் கடுமையான தரத்தைக் கொண்டுவந்தன. கார் செய்கிறவர்களே மதிக்கும் சரக்குதான்.

என் சண்டை நீங்கள் ஊற்றும் விதத்தோடு. ஒரு பாட்டில் இத்தனை லிட்டர் பெட்ரோலுக்கு என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறது. நான் வண்டியை விட்டபோது முள் ரிசர்வைத் தொட்டுக்கொண்டிருந்தது. முழு டேங்குக்கான மருந்தை நாலைந்து லிட்டரிலா கலந்தீர்கள்? இல்லை, கலக்கவே இல்லையா? காலி பாட்டிலைக் கேட்டேன், குப்பைக்குப் போய்விட்டதாம்.

அதைவிட வேடிக்கை, ஊற்றிய நேரம். இந்தச் சேர்மானம் முழுக்க எரிந்துபோவதில்லை. கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எஞ்சின் ஆயிலில் இறங்குகிறது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஆயில் மாற்றுவதற்கு முந்தைய டேங்கில் ஊற்றச் சொல்கிறார்கள். நீங்களோ புது ஆயிலை நிரப்பிவிட்டு, அதே கையோடு பாட்டிலைக் கவிழ்க்கிறீர்கள். பழைய ஆயிலோடு போயிருக்க வேண்டியது, அடுத்த 10,000 கிலோமீட்டருக்கு என் புது ஆயிலில் கிடக்கும்.

அப்புறம், ‘எல்லா வண்டிக்கும்’ என்ற அந்தப் பேச்சு. என்னுடையது பழைய எம்பிஐ (மல்டி பாயின்ட் இன்ஜெக்ஷன்) எஞ்சின். பெட்ரோலை, காற்று உள்ளே போகும் இன்டேக் வால்வின் மேல் தெளிக்கிறது, மருந்தும் வால்வைத் தொடும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது. டேங்கில் எதை ஊற்றினாலும் அந்த வால்வின் முதுகில் ஏறிய கார்பன் அசையாது. இன்ஜெக்டர் முனைக்கு வேண்டுமானால் பயன்படும். வால்வை முழுசாக சுத்தம் செய்ய, பெரும்பாலும் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டியிருக்கும். அந்த வண்டிக்காரரிடமும் ‘வால்வெல்லாம் கிளீன் ஆயிடும்’ என்று சொல்லாதீர்கள்.

வண்டி உதறுகிறது என்று யாராவது வந்தால் முதலில் ஸ்கேனரைப் போடுங்கள். பிளக், காயில், ஏர் ஃபில்டர், த்ராட்டில் பாடி எல்லாவற்றையும் பாருங்கள். தேய்ந்த பிளக்கை எந்த பாட்டிலும் புதுசாக்காது. சரி, இன்ஜெக்டர்தான் என்று தெரிந்தால் ஓனர் மேனுவலைப் புரட்டுங்கள். சில நிறுவனங்கள் தாங்கள் சொல்லாத எதையும் டேங்கில் ஊற்றாதே என்கின்றன. சில, டிடர்ஜென்ட் பெட்ரோல் கிடைக்காவிட்டால் ஊற்றச் சொல்கின்றன.

அடுத்த மாதம் என் வண்டி 60,000 கிலோமீட்டர் சர்வீஸுக்கு வருகிறது. பாட்டிலை நானே வாங்கி, போன வாரம் டேங்க் நிரப்பியபோது ஊற்றிவிட்டேன். எஸ்டிமேட்டில் அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பெட்ரோல் கார்க்காரன்