லண்டன் நாளை வெள்ளிக்கிழமையில் வையுங்கள்

வெளிநாட்டுக் குழுச் சுற்றுலா நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். போன ஜூனில் உங்களில் ஒருவரோடுதான் பத்து நாள் ஐரோப்பா போய் வந்தேன். யாரென்று சொல்லப் போவதில்லை. உங்கள் எல்லோருடைய பயணத் திட்டமும் ஒரே அச்சில் வார்த்ததுதானே! சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. தேம்ஸ் கரையில் எலுமிச்சை சாதமும் வடுமாங்காயும் கிடைத்ததை இன்னும் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

லண்டன் நாளைப் பற்றித்தான் இந்த மடல். அரண்மனை வாசலில் இருபது நிமிடம், பிக் பென் எதிரே பத்து நிமிடம், அப்புறம் மெழுகு பொம்மைகளோடு மூன்று மணி நேரம். நடிகர் பொம்மையின் தோளில் கைபோட்டுப் படம் எடுக்க வரிசை வேறு. அதற்கு டிக்கெட் பணம் கட்டியிருந்தோம். காசே வாங்காத பிரிட்டிஷ் மியூசியத்துக்கோ, வேலிக்கு வெளியே நின்று தூண்களோடு ஒரு படம். அவ்வளவுதான்.

மாலையில் ஷாப்பிங்குக்கென்று ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இறக்கிவிட்டார்கள். நானும் கோயம்புத்தூர் மாமி ஒருவரும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு நழுவினோம். சுரங்க ரயிலில் ஒரே ஸ்டேஷன், பிறகு கொஞ்சம் நடை. மற்ற நாட்களில் ஐந்து மணிக்கே சாத்திவிடுவார்கள். அன்று வெள்ளிக்கிழமை என்பதால் இரவு 8.30 வரை திறந்திருந்தது.

பழைய எகிப்து எழுத்தைப் படிக்க வழிகாட்டிய ரொசெட்டா கல்லை அடுத்தவர் கைபேசிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்ததோடு சரி. நாங்கள் நின்றுவிட்டது 33ஏ அறையில். ஆந்திராவின் அமராவதியில் இருந்த பௌத்த ஸ்தூபத்தின் கற்கள். 1845இல் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி தோண்டியெடுத்து, சென்னையில் கிடந்து, 1859இல் கப்பலேறியவை. அதே ஸ்தூபத்தின் இன்னொரு பங்கு நம் எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. ஒரு தாமரைப் பதக்கத்தின் முன் மாமி, "இதை நான் எக்மோர்ல பாத்திருக்கேனே" என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வருஷா வருஷம் அங்கே கூட்டிப்போன டீச்சர் அவர்.

நடுவில் ஒரு பலகைக்கல், இரண்டு பக்கமும் செதுக்கியது. ஒரு பக்கம் போதி மரம், அடியில் ஆளில்லாத ஆசனம், சுற்றிலும் கும்பிடுகிறவர்கள். மறுபக்கம் முழு ஸ்தூபமே இருக்கிறது. முதல் பக்கத்துக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து, அதே கல்லைத் திருப்பி வைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். நல்ல கல்லுக்கு அப்போதும் தட்டுப்பாடுதான் போலிருக்கிறது! மாமி மூன்று தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. லண்டன் நாள் வெள்ளிக்கிழமையில் விழுகிற மாதிரி திட்டம் போடுங்கள். மெழுகு பொம்மை வேண்டுமென்பவர்கள் தனியாகப் பணம் கட்டிப் போகட்டும். மியூசியம் முழுவதையும் காட்ட வேண்டாம், யாருக்கும் முழங்கால் தாங்காது. இரண்டே அறைகள், விஷயம் தெரிந்த ஒருவர், ஒன்றரை மணி நேரம் போதும்.

பஸ்ஸுக்கு ஏழு நிமிடம் தாமதமாக வந்ததற்குத் திட்டு வாங்கிக்கொண்டோம். நியாயம்தான். ஆனால் லண்டனிலேயே தெற்கு கென்சிங்டனில் உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் திப்பு சுல்தானின் மரப்புலி இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய் மேல் ஏறி நிற்கிற புலி, வயிற்றுக்குள் இசைக்கருவி. அதற்கும் நுழைவு இலவசம், அங்கேயும் வெள்ளிக்கிழமை இரவு பத்து வரை திறந்திருக்கும். அடுத்த வருஷ அட்டவணை எப்போது வரும் என்று சொல்லுங்கள். நானும் மாமியும் இன்னும் அந்தப் புலியைப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பஸ்ஸின் கடைசி சீட்டுக்காரி